சுருக்கிச் சொன்னவர்

கணேசலிங்கத்தைப் பழிவாங்குவது என்று சாரங்கா சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவருடைய காரின் டயர்களைக் கிழிப்பதாக இருந்தாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு, அவர் மேடையில் பேசும்போது எழும்பிப் போய் முகத்தில் துப்ப நினைத்தாள். அதற்கும் பிறகு, அவரைக் கண்டால் சிரிக்கவும், “சுகமா இருக்கிறியளோ அண்ணை?” என்று கேட்கவும் பழகிக்கொண்டாள். ஹனோவர்த் தமிழர்கள் அவளை மரியாதை தெரிந்த பிள்ளை என்றார்கள்.

அவளுடைய தகப்பன் தங்கராசா மயிலிட்டியில் கடற்தொழில் செய்தவர். தாய் ஷெல்லடியில் இறந்த பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். மனைவியின் தமக்கை கமலநாயகி முன்னமே ஹனோவரில் இருந்தபடியால் அந்த ஊரைத் தேடி வந்தார்கள். அகதி விசாரணைக்குக் கூப்பிட்ட நாளன்று கமலநாயகிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பிள்ளையை விட ஆளில்லை. தங்கராசா அவளையும் விசாரணைக்குக் கூட்டிப் போனார். அதிகாரி அவளை ஓரத்தில் ஒரு கதிரையில் இருக்க விட்டார்.

மொழிபெயர்க்க வந்தவர் கணேசலிங்கம். யாழ்ப்பாணம் டவுன்காரர். அப்போதே கோட்டு சூட்டுடன்தான் வருவார்.

தகப்பன் சொன்னது சாரங்காவுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “இயக்கப் பெடியள் துவக்கோடை வந்து என்ரை வள்ளத்தைக் கேட்டவங்கள். நான் தரமாட்டன் எண்டு முன் அணியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கையிலை அடிச்சுப்போட்டு இழுத்துக்கொண்டு போனவங்கள். பிறகு ஆமி வந்து, வள்ளம் குடுத்தது நீதானே எண்டு என்னைக் கொண்டுபோய்த் தலைகீழாக் கட்டித் தூக்கினவங்கள்.” சொல்லும்போது இரண்டு கையையும் நீட்டி, வளைந்துபோன விரல்களை அதிகாரிக்குக் காட்டினார்.

கணேசலிங்கம் அதை ஒரே ஒரு வசனத்தில் ஜெர்மனில் சொன்னார். அந்த வசனத்தில் சாரங்காவுக்கு விளங்காத ஒரு சொல் இருந்தது. ‘ஃப்ரைவில்லிஹ்.’ பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புதுச் சொல் எதுவும் அவள் காதில் ஒட்டிக்கொள்ளும் காலம் அது.

“தம்பி, எல்லாம் சொன்னனீங்களோ?” என்று தகப்பன் கேட்டார்.

“சொல்லியாச்சு, சொல்லியாச்சு. அடுத்ததைச் சொல்லுங்கோ.”

தங்கராசாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் தோற்றது. மகளைப் பெரியம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவில் விமானம் ஏறினார். கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் போன அடுத்த வசந்தத்தில் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கிராமத்துத் தீயணைப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் பெரிய பலகை. அதன் முதல் சொல்லைச் சாரங்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதே சொல். ஆசிரியையிடம் அர்த்தம் கேட்டாள். ஆசிரியை அன்பாக விளக்கினார். இங்கே தீயணைக்கிறவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, தாங்களாக விரும்பி வந்து செய்கிறார்கள், அதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்றார். மற்றப் பிள்ளைகள் தீயணைப்பு வாகனத்தில் ஏறி விளையாடினார்கள். சாரங்கா பலகைக்குக் கீழே நின்றாள். தகப்பன் விரும்பித்தான் வள்ளத்தைக் கொடுத்தார் என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அன்று வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னாள். கமலநாயகி அடுப்பை நிறுத்தினார். பிறகு, “நீ அப்ப சின்னப் பிள்ளை. பிழையாக் கேட்டிருப்பாய். எங்கடை விசா அலுவலுக்கும் அவர்தான் ஓடித் திரியிறார். வெளியிலை இதைக் கதைச்சுப்போடாதை” என்றார்.

அவள் கதைக்கவில்லை.

ஆண்டுகள் போயின. கணேசலிங்கம் ‘டொல்மெச்சர் கணேசலிங்கம்’ ஆனார். டொல்மெச்சர் என்றால் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரிக்கு, நீதிமன்றத்துக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, எங்கே டெர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தாலும் தமிழ்ச் சனம் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போகும். ஊர்த் தமிழ் மன்றத்தின் தலைவரும் அவர்தான். பொங்கல் விழாவில் முதல் பேச்சு அவருடையது. சாரங்கா படம், ஒலித் துறையில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, ஆசியப் படங்களுக்கு ஜெர்மன் உபதலைப்பு போட்டு டிவிடியாக வெளியிடும் ஒரு சிறிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

2006இல் அந்தக் கம்பெனிக்குக் கொரியப் படங்கள்தான் சோறு போட்டன. கொலை, துப்பறிதல், பேய், பழிவாங்கல் என்று வாரத்துக்கு ஒன்று வந்து இறங்கும். கொரிய மொழியிலிருந்து ஜெர்மனுக்கு எழுதுகிறவள் ஹேஜின். அவளுடைய தாய் எழுபதுகளில் தாதியாக ஜெர்மனிக்கு வந்தவர். ஹேஜின் எழுதும் வரிகளை பேச்சு வரும் நேரத்துக்குப் பொருத்தி, வெட்டி, திரையில் ஏற்றுவது சாரங்காவின் வேலை.

இந்தப் படங்களுக்கு எங்கிருந்து இவ்வளவு கூட்டம் வருகிறது என்று சாரங்கா ஒருநாள் கேட்டாள். ஹேஜின் சிரித்தாள்.

“பிறந்தநாளுக்கு நாங்கள் ஏன் கடற்பாசி சூப் குடிக்கிறோம் என்று அம்மா ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களுக்கு முப்பது வருடமாக விளங்கப்படுத்தினார். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. இப்போது படத்தில் ஒரு கொலைகாரி அந்தச் சூப்பைக் காய்ச்சுகிறாள். தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசிய பெடியன்கள் கொரியக் கடைக்கு வந்து கடற்பாசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கிறார்கள்” என்றாள்.

சாரங்கா அதை யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். கொலையாளி யார் என்று அறிகிற ஆசையில் வந்து உட்காருகிறார்கள். எழும்பிப் போகும்போது அந்த ஊரின் அடுப்படி, செத்தவீடு, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. விளக்கிச் சொன்னால் கேட்காத சனம், ஒரு கத்தியைக் காட்டினால் கேட்கிறது.

அந்த இலையுதிர்காலத்தில் வந்த படம் ஒரு மீன்பிடித் தீவில் நடப்பது. மூடுபனியில் திசை தவறிய ஒரு மீனவனை வட கொரிய ரோந்துப் படகு பிடித்துக்கொண்டு போய், மாதக் கணக்கில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. சொந்த நாட்டுப் பொலிஸ் அவனை உளவாளி என்று சந்தேகித்து விசாரிக்கிறது. அவன் சொல்வதை எழுதும் தீவு அலுவலகத்து எழுத்தர், அவன் கதறிச் சொல்வதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வரியில் எழுதி முடிக்கிறான். மீனவன் சிறையில் சாகிறான். சாம்பலைக்கூடக் கொடுக்கவில்லை. அவனுடைய மகள் வளர்ந்து வந்து, அந்த எழுத்தரின் வீட்டிலேயே சமையல்காரியாகச் சேர்கிறாள்.

எழுத்தர் எழுதிய அந்த வரிக்கு ஹேஜின் போட்டிருந்த ஜெர்மன்: ‘தானாக விரும்பி எல்லை தாண்டினான்.’ ஃப்ரைவில்லிஹ்.

சாரங்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முகத்தைக் கண்ட ஹேஜின் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பெரியம்மாவுக்குப் பிறகு சாரங்கா இதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

எல்லாவற்றையும் கேட்ட ஹேஜின், “படத்தில் அவள் மீன் வெட்டும் கத்தியால் முடிக்கிறாள்” என்றாள்.

“அவளுக்கு அது சுலபம். என்னுடைய ஆளுக்குத் தான் செய்தது தெரிய வேண்டும். ஊருக்கும் தெரிய வேண்டும்.”

படத்தின் ஒரு பிரதியைச் சாரங்கா வீட்டுக்குக் கொண்டு வந்தாள். முதலில் பெரியம்மாவுக்குத்தான் காட்டினாள். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். தீவின் கரையில் கயிறு கட்டிக் கருவாடு காயப்போடும் இடத்தில் கமலநாயகி மூக்கைச் சுருக்கினார். “எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான். மணம் வருது பிள்ளை” என்றார். உடல் கிடைக்காத தகப்பனுக்கு மகள் படைக்கும் காட்சி வந்தது. தாழ்ந்த மேசையில் படம் வைத்து, மீன் பொரித்து, பழம் அடுக்கி, சோற்றுக் கிண்ணத்தின் நடுவில் கரண்டியைக் குத்தி நிறுத்திவிட்டு அவள் விழுந்து கும்பிடுகிறாள். கமலநாயகி எழும்பி நின்றுவிட்டார்.

“உடம்பு கிடைக்காட்டிலும் படைக்கலாமோ?”

“அவையள் படைக்கினம் பெரியம்மா.”

தங்கராசாவுக்கு அந்த வீட்டில் ஒரு நாளும் திவசம் கொடுத்ததில்லை. இறந்துவிட்டார் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அன்று படம் முடிந்ததும் கமலநாயகி நேரே கேட்டார்: “நீ அண்டைக்குச் சொன்னது, கணேசலிங்கம் சொன்னவர் எண்டது, உண்மைதானோ?”

“ஓம்.”

“நான் உன்ரை வாயைப் பொத்தினனான்.”

சாரங்கா மறுக்கவில்லை. பெரியம்மாவும் ஆறுதல் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கமலநாயகியின் சிநேகிதி மரியமலர் வந்து பார்த்தார். பிறகு மரியமலரோடு இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். அந்தச் சமையல்காரி எழுத்தரை எப்படிக் கொல்லப்போகிறாள் என்று அறிவதற்காகத் தேத்தண்ணீரை ஆறவிட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் கொரியக் கடைக்குப் போய் நெத்தலிக் கருவாடு வாங்கி வந்து சம்பல் இடித்தார். இதை மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினால் என்ன என்று மரியமலர்தான் கேட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காகத் தேவாலய மண்டபம் மாதம் ஒருமுறை மன்றத்துக்குக் கிடைக்கும். பெரிய பிள்ளைகள் ஜெர்மன் எழுத்தை வாசித்துவிடுவார்கள். வயது போனவர்களுக்கு யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

சாரங்கா கணேசலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி பலகாரம் கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணை, உங்களை விட்டால் இதை ஆராலும் செய்ய ஏலாது. மைக் தருவன். எழுத்து ஓட ஓட நீங்கள் தமிழிலை சொன்னால் போதும்.”

அவருக்கு முகம் மலர்ந்தது. “கொரியாக்காரன்ரை படமோ? சரி, சனத்துக்கு ஒரு புதினம்தானே.”

“படத்தைத் தந்துவிட்டுப் போறன். முன்கூட்டி ஒருக்காப் பாருங்கோவன்.”

“எனக்கு என்னத்துக்குப் பிள்ளை? இருபது வருசமா நேரடியாச் சொல்லுறவன் நான்.” பிறகு கேட்டார்: “என்ன கதை?”

“மீன்பிடிக்கிற சனத்தின்ரை கதை.”

“அப்ப சுகமான வேலைதான். கடற்கரையார் ஒண்டைச் சொல்ல ஊரைச் சுத்துவினம். நாங்கள்தான் சாரத்தைப் பிடிச்சுச் சொல்ல வேணும்.”

தான் மயிலிட்டிப் பிள்ளை என்று தெரிந்துதான் சொல்கிறாரா என்று சாரங்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேணுமென்று சொல்லவில்லை. அவருக்கு அந்த யோசனையே இல்லை. அவள் பலகாரத்தைத் தின்று முடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

உபதலைப்பில் ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. தகப்பன் சொன்னதை அப்படியே அந்த மீனவனின் வாயில் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததுண்டு. தேவைப்படவில்லை. அவர் சரியாக மொழிபெயர்த்தால் தங்கராசாவின் கதையைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொன்னவர் ஆவார். பிழையாகச் சொன்னால் இன்னும் நல்லது.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. பெண்கள் வடையும் ரோல்ஸும் கொண்டுவந்திருந்தார்கள். ஹேஜினும் வந்து பின்வரிசையில் இருந்தாள். படத்தை ஓட்டும் மடிக்கணினி சாரங்காவின் மடியில் இருந்தது. திரைக்கு வலப்பக்கத்தில் சிறிய மேசை, விளக்கு, மைக். கணேசலிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார்.

குரல் நல்ல குரல்தான். தொடக்கத்தில் எல்லாரும் ரசித்தார்கள். போகப்போகத் திரையில் இருப்பதற்கும் அவர் சொல்வதற்கும் இடையில் இடைவெளி விழத் தொடங்கியது. மீனவனின் மனைவி நான்கு வரிக்கு அழுதால், அவர் “கவலைப்படுறா” என்று முடித்தார். சில இடங்களில் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தார். பின்வரிசைகளில் இருந்த இளம் ஆட்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். “அவள் கனக்கச் சொன்னமாதிரிக் கிடந்தது” என்று கமலநாயகி சத்தமாகவே சொன்னார்.

விசாரணைக் காட்சி வந்தது. திரையில் மீனவன் மேசைக்கு முன்னால் நிற்கிறான். கையை நீட்டுகிறான். எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மூடுபனிக்குள் திசை தெரியவில்லை. துப்பாக்கியை நீட்டினார்கள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றேன். விரல்களில் அடித்து இழுத்துப் போனார்கள்.

கணேசலிங்கம் மைக்கில் சொன்னார்: “தான் அங்காலை போனது உண்மைதான் எண்டு சொல்லுறார்.”

“அங்கிள், அப்பிடி இல்லை” என்றது ஒரு குரல். மரியமலரின் மகள். தாதி வேலைக்குப் படிக்கிறவள். “அவர் போகமாட்டன் எண்டு சொன்னவர்.”

சாரங்கா படத்தை நிறுத்தினாள். மீனவனின் கையும் அதன் கீழே அந்தக் கடைசி வரியும் திரையில் அப்படியே நின்றன.

“அண்ணை, திரையிலை கிடக்கிறதை ஒருக்கா முழுசாச் சொல்லுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “படம்தானே பிள்ளை. சுருக்கித்தான் சொல்லலாம். கடல் சனம் நீட்டி நீட்டிக் கதைக்கும். கேக்கிறவனுக்கு அலுப்பு.”

மண்டபத்தில் பாதிப் பேர் மயிலிட்டி, பருத்தித்துறை, குருநகர் என்று கடற்கரை ஊர்க்காரர். அவர் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

“என்ரை அப்பாவும் நீட்டித்தான் கதைச்சவர்” என்றாள் சாரங்கா. “நானும் அந்த அறையிலை இருந்தனான். வள்ளத்தைத் தரமாட்டன் எண்டு அணியத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், கையிலை அடிச்சவங்கள், ஆமி கட்டித் தூக்கினவங்கள் எண்டு சொன்னவர். நீங்கள் அதிகாரிக்கு, இவர் தானா விரும்பி வள்ளத்தைக் குடுத்தவர் எண்டு சொன்னனீங்கள். அவரைத் திருப்பி அனுப்பினவங்கள். அதுக்குப் பிறகு ஆள் இல்லை.”

கணேசலிங்கம் அவளையே பார்த்தார். “ஆர் உம்மடை அப்பா?”

ஒருவேளை அவர் மறுத்திருந்தால், கோபப்பட்டிருந்தால், தகப்பனோடு ஏதாவது பகை இருந்தது என்றாவது சொல்லியிருந்தால் சாரங்காவுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திராது. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அவள் இவ்வளவு காலமும் நெஞ்சில் வைத்திருந்த அந்த ஒரு வசனம் அவருக்கு ஒரு காலைப்பொழுதின் வேலை மட்டும்தான்.

“தங்கராசா. மயிலிட்டி.”

“எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன் பிள்ளை. எல்லாரையும் நினைவு வைக்க ஏலுமோ.”

அந்தோனிப்பிள்ளை எழும்பினார். மண்டபத்துக் கதிரைகளை எப்போதும் அடுக்கி வைக்கும் அமைதியான மனிதர். “என்ரை கேஸுக்கும் நீங்கள்தான் வந்தனீங்கள்” என்றார். “என்னையும் ரிஜெக்ட் பண்ணினவங்கள். பெஞ்சாதி பிள்ளையளைக் கூப்பிட ஏலாமல், இண்டைக்கு அனுப்புவாங்களோ நாளைக்கு அனுப்புவாங்களோ எண்டு கன வருசம் கிடந்தனான். எனக்கு என்ன சொன்னனீங்கள் அண்ணை?”

“எனக்கு எப்படித் தெரியும்...”

“எனக்கும் தெரியாது. எனக்குத்தானே பாசை தெரியாது.”

இன்னொருவர் எழும்பினார். ஒரு பெண், தன் பிரசவத்தின்போது டாக்டரிடம் இவர் சொன்னது என்ன என்று கேட்டார். கணேசலிங்கத்தின் மனைவி முன்வரிசையில் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். யாரும் கத்தவில்லை. கேள்விகள் மட்டும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் வந்தன. அவர் கொஞ்ச நேரம் பதில் சொன்னார். பிறகு மைக்கை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

“இருங்கோ அண்ணை” என்றாள் சாரங்கா. “முடிவையும் பாத்துவிட்டுப் போங்கோ.”

கமலநாயகி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “படத்தைப் போடு பிள்ளை. அவள் என்ன செய்யிறாள் எண்டு இவையள் பாக்கட்டும்.”

மடிக்கணினியை ஹேஜினிடம் கொடுத்துவிட்டு, சாரங்கா போய் மைக்கை எடுத்தாள். கணேசலிங்கம் வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றார். வழியில் ஆட்கள் நின்றார்கள். விலகவில்லை. அவர் திரும்பவும் வந்து மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். மிச்சப் படம் முழுவதையும் சாரங்கா ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். மகள் எழுத்தருக்குச் சோறு போட்டாள், சூப் கொடுத்தாள், முள் எடுத்து மீன் கொடுத்தாள். கடைசியில் உப்புக் கிட்டங்கிக்குள் அவனை முழங்காலில் நிறுத்தி, தகப்பன் அன்று சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவனால் முடியவில்லை. கத்தி இறங்கிய இடத்தில் மரியமலர், “அப்பிடித்தான்” என்று மெல்லச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

சாரங்கா அன்றைக்குத் திரையைப் பார்த்து அல்ல, அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் மனப்பாடமான அந்த வரிகளைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கணேசலிங்கத்தை யாரும் டெர்மினுக்குக் கூட்டிப் போகவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள், இல்லையென்றால் மரியமலரின் மகளைக் கேட்டார்கள். மன்றத் தலைவர் பதவியை அவராகவே விட்டார். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் கதிரை காலியாகவே கிடந்தது. அந்தோனிப்பிள்ளையும் இன்னும் சிலரும் ஒரு வழக்கறிஞரிடம் போய்க் கேட்டார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒன்றையும் திருத்த முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். சாரங்கா அதை எதிர்பார்த்திருந்தாள்.

கமலநாயகி ஐயரைக் கேட்காமல் தானே ஒரு நாள் குறித்தார். தங்கராசாவின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்தார். சூடை மீன் பொரித்து, குழம்பு வைத்து, தலைவாழை இலை கிடைக்காமல் பீங்கான் தட்டில் படைத்தார். ஹேஜின் ஒரு பெட்டி பேரிக்காயுடன் வந்தாள். தங்கள் வழக்கப்படி மேற்பக்கத்தைச் சீவிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றாள். கமலநாயகி கத்தியை எடுத்து அவளிடம் கொடுத்தார். சாரங்கா அன்று அழுதாள். ஆனால் கோபம் தணிந்துவிட்டதா என்று பின்னர் ஹேஜின் கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னாள்.

வசந்தம் வந்த பிறகு ஒரு காலையில், வேலைக்குப் போக ட்ராம் தரிப்பில் நின்றவளுக்குப் பக்கத்தில் கணேசலிங்கம் வந்து நின்றார். கோட்டு தோளில் தொங்கியது. மெலிந்திருந்தார்.

“பிள்ளை, உம்மோடை ஒரு கதை.”

“சொல்லுங்கோ.”

“என்ரை மகள் வீட்டுக்கு வாறதில்லை. இன்னும் ஆரையெல்லாம் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கிறாள். மனுசியும் கதைக்கிறது குறைவு.” கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “நீர் சனத்துக்கு ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பினம். அது தெரியாமல் நடந்த பிழை எண்டு.”

“தெரியாமலோ?”

“உம்மடை அப்பாவை இப்ப எனக்கு வடிவா ஞாபகம் இருக்குது. நல்ல மனுசன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்.”

“பச்சைச் சுவெற்றர். தேவாலயத்திலை குடுத்தது. கை கட்டையா இருந்தது.”

“ஓம் ஓம், பச்சை. இப்பத்தான் வருது.”

“நீலம் எண்டு சொல்லியிருந்தாலும் ஓம் எண்டிருப்பியள்.”

தரிப்பில் நின்ற ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

“பிள்ளை, எனக்கு வயது போகுது. மன்னிக்கக்கூடாதோ?”

“அது என்னட்டை இல்லை அண்ணை.”

“நீர்தானே தொடங்கினனீர். நீர்தான் முடிக்கவும் வேணும்.”

“நான் முடிக்கமாட்டன். நீங்கள் இருக்குமட்டும் இப்பிடியே இருக்கட்டும்.”

ட்ராம் வந்தது. அவள் ஏறினாள். அவரும் ஏறுவாரோ என்று நினைத்தாள். அவர் ஏறவில்லை. கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தாள். அவர் வாங்கில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வந்து அவரை மறைக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. வயிற்றுக்குள் நல்ல உணவு போனது போல இருந்தது. பிறகு ஒரு ஆசனம் காலியாக, போய் இருந்துகொண்டாள்.